படம் வருது, சத்தம் வரலை: ஹோம் தியேட்டர் கோளாறுகளை அறிகுறி பார்த்து நீக்கும் வழி

ஹோம் தியேட்டரில் சத்தம் வரவில்லை என்றதும் பலர் நேரே கடைக்குப் போய் விலை கூடிய எச்டிஎம்ஐ கேபிள் (படத்தையும் ஒலியையும் ஒன்றாகக் கொண்டுபோகும் வயர்) ஒன்றை வாங்கி வருகிறார்கள். அப்படியும் சரியாகவில்லை என்றால் டிவிக்குக் கீழே வைக்கும் நீள ஸ்பீக்கரான சவுண்ட்பாரையே மாற்றிவிடுகிறார்கள். இந்த இரண்டும் உண்மையில் தேவைப்படுவது அபூர்வம். பெரும்பாலும் கோளாறு டிவி மெனுவில் ஏதோ ஒரு தேர்வில் இருக்கும், அல்லது தப்பான துளையில் செருகிய வயரில் இருக்கும். அதைக் கண்டுபிடிக்க, சிக்னல் எந்த வழியாகப் போகிறது என்று தெரிந்தால் போதும்.

முதலில் அந்த வழியை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். படமும் ஒலியும் கிளம்பும் இடம் எது? செட்டாப் பாக்ஸா, ஸ்ட்ரீமிங் ஸ்டிக்கா, ப்ளூரே பிளேயரா, டிவிக்குள்ளேயே இருக்கும் ஆப்பா? அங்கிருந்து எந்த வயர் எந்தத் துளைக்குப் போகிறது? ஒலி கடைசியாக எந்தப் பெட்டியில் போய்ச் சேர்கிறது? ஒலி இரண்டு உருவங்களில் பயணம் செய்யும் என்பதையும் மனத்தில் வையுங்கள். ஒன்று பிசிஎம். அது ஏற்கெனவே பிரித்து வைத்த ஒலி. எந்தப் பெட்டியும் அப்படியே வாசித்துவிடும். இன்னொன்று பிட்ஸ்ட்ரீம். டால்பி, டிடிஎஸ் என்று சுருக்கிக் கட்டிய பொட்டலம் அது. அந்தப் பொட்டலத்தை அவிழ்க்கத் தெரிந்த பெட்டி வழியில் எங்காவது இருந்தாக வேண்டும்.

அடுத்து, உங்கள் சவுண்ட்பாரிலோ ரிசீவரிலோ (ஒலியைப் பிரித்து ஸ்பீக்கர்களுக்கு அனுப்பும் ஆம்ப்ளிஃபயர் பெட்டி) இப்போது வந்துகொண்டிருக்கும் ஒலி என்ன வகை என்று காட்டும் வசதியைத் தேடிப் பிடியுங்கள். ரிசீவர் என்றால் முன்பக்கத் திரையிலேயே எழுத்து ஓடும். சவுண்ட்பார் என்றால் ரிமோட்டில் ‘இன்ஃபோ’ பொத்தானிலோ, விளக்கின் நிறத்திலோ, மொபைல் ஆப்பிலோ தெரியும். காதை நம்பாதீர்கள், அந்த எழுத்தை நம்புங்கள். கீழே வரும் பாதிக் கோளாறுகளுக்கு அங்கேயே விடை கிடைத்துவிடும்.

படம் வருகிறது, சவுண்ட்பாரில் சத்தமே இல்லை

டிவியின் பின்னால் மூன்று நான்கு எச்டிஎம்ஐ துளைகள் இருந்தாலும், ஒலியைத் திருப்பி அனுப்பத் தெரிந்தது பொதுவாக ஒன்றுதான். அதன் பக்கத்தில் ‘ஆர்க்’ அல்லது ‘இ-ஆர்க்’ என்று அச்சிட்டிருக்கும். சவுண்ட்பார் பக்கத்திலும் ‘அவுட்’ என்று எழுதி ஆர்க் குறி போட்ட துளையில்தான் வயர் போக வேண்டும். சவுண்ட்பாருக்குள் ஒலி ‘உள்ளே’ வருகிறது என்று நினைத்து ‘இன்’ துளையில் செருகிவிடுவது மிகச் சாதாரணமாக நடக்கிறது. அந்த ‘இன்’ துளை செட்டாப் பாக்ஸ், பிளேயர் போன்றவற்றுக்கு.

துளை சரியாக இருந்தும் சத்தம் இல்லையென்றால் சிஇசி (எச்டிஎம்ஐ வழியாகப் பெட்டிகள் ஒன்றையொன்று இயக்க உதவுவது) என்ற அமைப்பைப் பாருங்கள். ஆர்க் பெரும்பாலான டிவிகளில் அது ஆனில் இருந்தால்தான் வேலை செய்யும். ஆனால் பல டிவிகள் அதை அந்தப் பெயரில் காட்டாது. சாம்சங்கில் அனிநெட் பிளஸ், எல்ஜியில் சிம்ப்ளிங்க், சோனியில் பிராவியா சிங்க் என்று இருக்கும். அதை ஆன் செய்துவிட்டு, ஒலி வெளியீட்டில் டிவி ஸ்பீக்கருக்குப் பதில் எச்டிஎம்ஐ ஆர்க்கைத் தேர்ந்தெடுங்கள்.

இன்னும் மௌனம் என்றால் எல்லாவற்றையும் சுவர் சுவிட்சிலேயே அணைத்து ஓரிரு நிமிடம் விடுங்கள். ரிமோட்டில் அணைப்பது போதாது; அதில் பெட்டி அரைத்தூக்கத்தில்தான் இருக்கும். எச்டிஎம்ஐ பெட்டிகள் உயிர்பெறும்போது ‘உனக்கு என்னென்ன தெரியும்’ என்று ஒன்றையொன்று விசாரித்துக்கொள்ளும். அந்த விசாரணை பாதியில் நின்றுபோனால் மறுபடி முதலிலிருந்து நடக்க வேண்டும். டிவி, சவுண்ட்பார், கடைசியாக செட்டாப் பாக்ஸ் என்ற வரிசையில் ஆன் செய்யுங்கள்.

ஆப்டிகல் வயர் (ஒலியை வெளிச்சமாகக் கொண்டுபோவது) போட்டிருந்தால் சோதனை எளிது. டிவி ஆனில் இருக்கும்போது சவுண்ட்பார் பக்கத்து முனையை உருவிப் பாருங்கள். நுனியில் சிவப்பு வெளிச்சம் தெரிய வேண்டும். தெரியவில்லை என்றால் டிவி அனுப்பவில்லை, அல்லது வயர் மடங்கி உடைந்திருக்கிறது. புது வயரின் இரண்டு முனையிலும் சின்ன பிளாஸ்டிக் மூடி இருக்கும். அதைக் கழற்றாமலே அழுத்திச் செருகிவிட்டு சர்வீஸ் ஆளைக் கூப்பிடுகிறவர்கள் உண்டு.

சில படங்களுக்கு மட்டும் சத்தம் இல்லை, மற்றவை சரியாக ஓடுகின்றன என்றால் அது வேறு கதை. பென் டிரைவில் இருக்கும் படத்தின் ஒலி டிடிஎஸ் வகையாக இருக்கலாம். சாம்சங் 2018 மாடல்களிலிருந்து தன் டிவிகளில் டிடிஎஸ் வசதியை எடுத்துவிட்டது. வேறு நிறுவனங்களின் சில மாடல்களிலும் அது இல்லை. டிவிக்கு அந்தப் பொட்டலம் புரியாததால் சவுண்ட்பாருக்கும் அனுப்பாமல் விட்டுவிடும். அந்தக் கோப்பில் இன்னொரு ஒலித்தடம் இருந்தால் அதற்கு மாற்றுங்கள். இல்லையென்றால், டிடிஎஸ் தெரிந்த ரிசீவரிலோ சவுண்ட்பாரிலோ நேரடியாக இணைத்த பிளேயரில் ஓட்டுங்கள்.

சத்தம் வருகிறது, ஆனால் 5.1 வரவில்லை, அட்மாஸ் விளக்கு எரியவில்லை

5.1 என்பது ஐந்து ஸ்பீக்கருக்கும் ஒரு சப்வூஃபருக்கும் (கனத்த ஒலிக்கான ஸ்பீக்கர்) தனித்தனியாகப் பிரித்த ஒலி; அட்மாஸ் என்பது தலைக்கு மேலிருந்தும் ஒலி வருவதுபோல் தரும் டால்பி வகை. அதிகம் பேர் குழம்புவது இங்கேதான். காரணம், வயரும் ஒலி வகையும் ஒன்றுக்கொன்று பொருந்துமா என்பதைப் பெட்டி விற்கும்போது யாரும் சொல்வதில்லை.

ஆப்டிகலிலிருந்து தொடங்கலாம். தோஷிபா 1983இல் சிடி பிளேயருக்காகக் கொண்டுவந்த இணைப்பு அது. இரண்டு தட (ஸ்டீரியோ) பிசிஎம் போகும். டால்பி டிஜிட்டல் 5.1 அல்லது சாதாரண டிடிஎஸ் 5.1 பொட்டலமாகப் போகும். அவ்வளவுதான் அதன் எல்லை. ஸ்ட்ரீமிங் ஆப்கள் பெரும்பாலும் அனுப்பும் டால்பி டிஜிட்டல் பிளஸ் அதில் போகாது. எனவே அட்மாஸும் போகாது. ஆப்டிகல் போட்டுவிட்டு அட்மாஸ் விளக்குக்காகக் காத்திருந்தால் அது என்றைக்கும் எரியாது.

ஆர்க் என்பது 2009இல் எச்டிஎம்ஐ 1.4 உடன் வந்தது. அதன் கொள்ளளவு கிட்டத்தட்ட ஆப்டிகல் அளவுதான், ஏறக்குறைய 1 எம்பிபிஎஸ். ஆனால் டால்பி டிஜிட்டல் பிளஸை அதில் அனுப்பலாம். நெட்ஃபிளிக்ஸ், பிரைம் வீடியோ போன்றவை தரும் அட்மாஸ் அந்தப் பிளஸ் பொட்டலத்துக்குள்ளேயே அடங்கியிருப்பதால், டிவியும் சவுண்ட்பாரும் ஆதரித்தால் சாதாரண ஆர்க்கிலேயே ஸ்ட்ரீமிங் அட்மாஸ் வந்துவிடும். இது தெரியாமல் இ-ஆர்க் டிவிக்காகப் பணம் சேர்ப்பவர்கள் நிறைய.

இ-ஆர்க் எப்போது தேவை? ப்ளூரே வட்டு பார்ப்பவர்களுக்கு. வட்டில் இருக்கும் டால்பி ட்ரூஎச்டியும் டிடிஎஸ்-எச்டி மாஸ்டர் ஆடியோவும் எதையும் இழக்காமல் சுருக்கியவை; அளவில் பெரியவை. வட்டில் அட்மாஸ் பெரும்பாலும் ட்ரூஎச்டிக்குள்தான் இருக்கும். அதைத் தாங்க, 2017இல் எச்டிஎம்ஐ 2.1 உடன் வந்த இ-ஆர்க் வேண்டும். அதன் கொள்ளளவு சுமார் 37 எம்பிபிஎஸ். அல்லது பிளேயரை டிவியில் செருகாமல் நேரே ரிசீவரின் எச்டிஎம்ஐ துளையில் செருகினால் இந்தப் பேச்சே தேவையில்லை. ரிசீவர் வைத்திருப்பவர்களுக்கு என் பரிந்துரை எப்போதும் அதுதான். நடுவில் டிவி இல்லாமல் போனால் பாதிக் கோளாறு போய்விடும்.

வயர் சரியாக இருந்தும் ஸ்டீரியோதான் வருகிறது என்றால், மூலத்திலிருந்து வரிசையாகப் பாருங்கள். படத்துக்கு அந்த ஒலித்தடம் உண்டா? ஒரே படத்தின் மூலமொழித் தடம் அட்மாஸாக இருக்க, தமிழ் டப்பிங் தடம் 5.1 ஆகவோ ஸ்டீரியோவாகவோ மட்டும் இருப்பது சகஜம். உங்கள் சந்தாவில் அந்த வசதி உண்டா? நெட்ஃபிளிக்ஸில் அட்மாஸ் பிரீமியம் திட்டத்தில்தான் கிடைக்கும். ஸ்டிக்கின் ஒலி அமைப்பு ‘ஸ்டீரியோ’ அல்லது ‘பிசிஎம்’ என்று பூட்டியிருக்கிறதா? கடைசியாக டிவி. டிஜிட்டல் ஒலி வெளியீடு என்ற இடத்தில் பிசிஎம் இருந்தால், டிவியே பொட்டலத்தை அவிழ்த்து இரண்டு தடமாகக் குறுக்கி அனுப்பிவிடும். ‘ஆட்டோ’ அல்லது ‘பாஸ் த்ரூ’ வையுங்கள். எச்டிஎம்ஐ வழியாக வரும் 5.1 ஒலியை ஆப்டிகலில் ஸ்டீரியோவாக மட்டுமே வெளியே விடும் பழைய டிவிகளும் உண்டு. அவற்றில் எந்த அமைப்பும் உதவாது. மூலப்பெட்டியிலேயே ஆப்டிகல் துளை இருந்தால் அங்கிருந்து நேராக இழுக்க வேண்டியதுதான்.

பின்பக்க ஸ்பீக்கரில் பாட்டு கேட்கிறது என்பதால் 5.1 வருகிறது என்று ஆகாது. ரிசீவர் ஸ்டீரியோவை விரித்து எல்லா ஸ்பீக்கரிலும் கொடுக்கும். பழைய இளையராஜா பாடல்கள் 5.1இல் பதிவானவை அல்ல, அவற்றை 5.1 ஆக்க அமைப்புகளைக் குடைய வேண்டாம். ஸ்டீரியோவிலேயே கேளுங்கள், அதுதான் அழகு.

வசனம் கேட்கவில்லை, சண்டைக்காட்சி காதைப் பிளக்கிறது

இசையும் சத்தங்களும் நன்றாக இருக்க, வசனம் மட்டும் கிணற்றுக்குள்ளிருந்து வருகிறதா? 5.1இல் வசனம் பெரும்பாலும் நடு ஸ்பீக்கரில்தான் இருக்கும். அதன் வயர் கழன்றிருக்கலாம். அல்லது வீட்டில் நடு ஸ்பீக்கரே இல்லாமல் ரிசீவர் அமைப்பில் ‘உண்டு’ என்று இருக்கலாம். அப்போது வசனம் இல்லாத ஸ்பீக்கருக்குப் போய்த் தொலையும். ‘இல்லை’ என்று மாற்றினால் இடது வலது இரண்டிலும் பங்கிட்டுத் தந்துவிடும். இரண்டு ஸ்பீக்கரில் ஒன்றுக்குச் சிவப்பு கறுப்பு மாற்றிக் கொடுத்திருந்தாலும் குரல் எங்கிருந்து வருகிறது என்று தெரியாமல் மிதக்கும், பேஸும் மெலிந்துபோகும்.

இணைப்பெல்லாம் சரி என்றால் நடு ஸ்பீக்கர் அளவை 2, 3 டெசிபல் கூட்டுங்கள். இரவில் ‘நைட் மோட்’ போடுங்கள். அது உரத்த சத்தத்தை அடக்கி மெல்லிய சத்தத்தை உயர்த்தும். தூங்கும் குழந்தை இருக்கும் வீட்டில் இது பெரிய உபகாரம்.

உதட்டசைவும் குரலும் ஒட்டவில்லை

டப்பிங் படத்தை வைத்து இதைச் சோதிக்காதீர்கள். அதில் உதடு என்றைக்கும் ஒட்டாது. மூலமொழியில் ஓடும் படத்தில் ஒருவர் கைதட்டும் இடத்தையோ கதவை அறைந்து சாத்தும் இடத்தையோ பிடித்து, சத்தம் முந்துகிறதா பிந்துகிறதா என்று முதலில் தீர்மானியுங்கள். இரண்டுக்கும் மருந்து நேர் எதிர்.

சத்தம் முந்தினால் காரணம் பொதுவாக டிவிதான். படத்தை மெருகேற்ற அது நேரம் எடுத்துக்கொள்கிறது, ஒலி அதற்குள் போய்ச் சேர்ந்துவிடுகிறது. சவுண்ட்பாரில் ‘ஆடியோ டிலே’ அல்லது ‘லிப் சிங்க்’ என்ற அமைப்பைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுங்கள்.

சத்தம் பிந்தினால் டிலேயைத் தொட்டுப் பயனில்லை. வராத ஒலியை எந்தப் பெட்டியும் முன்னால் இழுக்க முடியாது. டிலே பூஜ்யமாக இருக்கிறதா என்று பாருங்கள். புளூடூத்தில் இணைத்திருந்தால் அதை விட்டு வயருக்கு வாருங்கள். டிவியின் ஒலி வெளியீட்டை ஆட்டோவிலிருந்து பாஸ் த்ரூவுக்கு மாற்றினால் டிவி ஒலியை அவிழ்த்துக் கட்டும் நேரம் மிச்சமாகும். படம் பார்க்கும்போது கேம் மோட் போட்டிருந்தால் எடுத்துவிடுங்கள். படம் முந்திப்போவதால்கூட ஒலி பிந்தியதாகத் தோன்றும்.

சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் பரிந்துரைப்படி, சத்தம் சுமார் 45 மில்லிசெகண்ட் முந்தினாலே பார்ப்பவர் கவனித்துவிடுவார். பிந்துவதை 125 மில்லிசெகண்ட் வரை கவனிக்கமாட்டார். இடி மின்னலிலிருந்து எல்லாமே நமக்கு ஒளிக்குப் பின் ஒலி என்றுதான் பழக்கம். ஒலி ஒரு மீட்டர் கடக்கச் சுமார் 3 மில்லிசெகண்ட் எடுக்கும். எனவே நீங்கள் வழக்கமாக உட்காரும் இடத்தில் உட்கார்ந்து சரிசெய்யுங்கள். சந்தேகம் வந்தால் சற்றே பிந்தும்படி விடுங்கள்.

திரை கறுத்துக் கறுத்து வருகிறது, வெள்ளைப் புள்ளிகள் மின்னுகின்றன

இது ஒன்றுதான் உண்மையிலேயே கேபிளைச் சந்தேகிக்க வேண்டிய அறிகுறி. எச்டிஎம்ஐ டிஜிட்டல் என்பதால் மோசமான கேபிள் நிறத்தை மங்கச் செய்யாது. புள்ளி மின்னும், படம் அறுந்து அறுந்து வரும், அல்லது வரவே வராது. விலை கூடிய கேபிளில் நிறம் கூடுதலாக இருக்கும் என்று கடையில் சொன்னால் நம்ப வேண்டாம்.

மூலப்பெட்டியின் வெளியீட்டை 1080பிக்கு இறக்கிப் பாருங்கள். கோளாறு நின்றுவிட்டால் கேபிளால் 4கே வேகத்தைத் தாங்க முடியவில்லை என்று பொருள். 4கே படம் நொடிக்கு 60 தடவை வரும்போது சுமார் 18 ஜிபிபிஎஸ் வேண்டும். சினிமா ஓடும் 24க்கு அதில் பாதிக்குச் சற்று மேல் இருந்தால் போதும். அதனால்தான் படம் சரியாக ஓடி, மெனுவுக்குத் திரும்பியதும் திரை கறுக்கும் விநோதம் நடக்கிறது. ‘பிரீமியம் ஹைஸ்பீட்’ என்ற சான்று ஸ்டிக்கர் உள்ள கேபிள் 18 ஜிபிபிஎஸ் தாங்கும், ‘அல்ட்ரா ஹைஸ்பீட்’ 48 தாங்கும். ஸ்டிக்கரில் மொபைலால் ஸ்கேன் செய்து சரிபார்க்கும் குறியீடு இருக்கும். முடிந்தவரை குட்டையாக வாங்குங்கள்.

வீடு கட்டும்போதே சுவருக்குள் பைப் போட்டு நீளமான கேபிள் இழுத்தவர்களுக்கு இந்தத் தொல்லை அதிகம். 5 மீட்டருக்கு மேல் சாதாரணச் செம்புக் கேபிள் 4கேவுக்கு ஏமாற்றும். அங்கே உள்ளே கண்ணாடி இழை ஓடும் எச்டிஎம்ஐ கேபிள் சரிப்படும். அதற்குத் திசை உண்டு: ‘சோர்ஸ்’ முனை பெட்டிக்கு, ‘டிஸ்ப்ளே’ முனை டிவிக்கு. மாற்றிப் போட்டுச் சுவரைப் பூசிவிடாதீர்கள். பிறகு வேறு கேபிள் இழுக்க வசதியாக, பைப்புக்குள் ஒரு நைலான் கயிற்றையும் விட்டுவையுங்கள்.

4கே, எச்டிஆர் வரவில்லை

டிவி புதிது, ஸ்டிக் புதிது, நடுவில் ரிசீவர் பழசு என்றால் அதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். பாதுகாக்கப்பட்ட 4கே உள்ளடக்கத்துக்கு எச்டிசிபி 2.2 என்ற பூட்டு வழியிலுள்ள எல்லாப் பெட்டிகளுக்கும் தெரிய வேண்டும். 2015க்கு முந்தைய ரிசீவர்கள் பலவற்றுக்கு அது தெரியாது. படம் 1080பிக்கு இறங்கும், அல்லது பிழைச் செய்தி வரும். அத்தகைய ரிசீவரைத் தூக்கிப் போட வேண்டாம். ஸ்டிக்கை டிவியில் செருகி, ஒலியை மட்டும் ஆர்க்கிலோ ஆப்டிகலிலோ ரிசீவருக்கு அனுப்புங்கள்.

ரிசீவர் இல்லாமலும் எச்டிஆர் (வெளிச்சத்துக்கும் இருட்டுக்கும் உள்ள வீச்சைக் கூட்டிக் காட்டும் படவகை) வரவில்லை என்றால் டிவியில் அந்தத் துளையின் முழு வேகம் அணைந்திருக்கலாம். சாம்சங்கில் ‘இன்புட் சிக்னல் பிளஸ்’, எல்ஜியில் ‘டீப் கலர்’, சோனியில் ‘என்ஹான்ஸ்டு ஃபார்மேட்’ என்று தேடுங்கள். துளைவாரியாக ஆன் செய்ய வேண்டும். சாம்சங் டிவிகளில் டால்பி விஷன் (எச்டிஆரின் ஒரு வகை) கிடையாது. அங்கே அதைத் தேடாதீர்கள். அதே படம் எச்டிஆர்10 ஆக வரும்.

எச்டிஆர் வந்த பிறகு ‘படம் இருட்டாக இருக்கிறதே’ என்று கேட்பவர்கள் உண்டு. எச்டிஆர் படங்கள் 1,000 நிட்ஸ் வெளிச்சம் தரும் திரையை மனத்தில் வைத்துத் தயாராகின்றன, சிலவற்றுக்கு 4,000. விலை குறைந்த டிவிகள் எச்டிஆர் சிக்னலை ஏற்குமே தவிர அந்த வெளிச்சத்தைத் தராது. வெயில் விழும் ஹாலில் திரைச்சீலையை இழுத்துவிட்டு, மெனுவில் ‘டைனமிக் டோன் மேப்பிங்’ இருந்தால் போடுங்கள். பகலில் வெறும் எஸ்டிஆரில் (எச்டிஆர் இல்லாத சாதாரணப் படவகை) பார்ப்பதிலும் தவறில்லை.

கறுப்பு வெளிறிச் சாம்பலாகத் தெரிகிறது, அல்லது நிழலில் எதுவுமே தெரியவில்லை

வெளிச்ச அளவை எண்ணாகச் சொன்னால், வீடியோவில் கறுப்பு 16இலும் வெள்ளை 235இலும் இருக்கும். கம்ப்யூட்டரில் 0 முதல் 255 வரை. ஒரு பெட்டி ஒரு கணக்கிலும் மற்றது வேறு கணக்கிலும் இருந்தால் இப்படித்தான் ஆகும். டிவியின் ‘பிளாக் லெவல்’, பெட்டியின் ‘ஆர்ஜிபி ரேஞ்ச்’ இரண்டையும் ஆட்டோவிலோ ‘லிமிடெட்’டிலோ ஒன்றாக வையுங்கள். லேப்டாப்புக்கு மட்டும் இரண்டு பக்கமும் ‘ஃபுல்’.

எச்டி சேனலே மங்கலாக இருக்கிறது

செட்டாப் பாக்ஸின் பின்னால் பாருங்கள். மஞ்சள், சிவப்பு, வெள்ளை வயர் மூன்றும் இருந்தால் எச்டி வராது. அந்த மஞ்சள் வயரில் பழைய டிவி தரம்தான் போகும். எச்டிஎம்ஐ கேபிள் போடுங்கள்.

ஸ்பீக்கரில் ஓயாத உறுமல்

எதுவும் ஓடாதபோதும் ‘ம்ம்ம்’ என்று கேட்கிறதா? அது 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தின் குரல். இரண்டு பெட்டிகள் வேறு வேறு வழியில் எர்த்தோடு தொடர்புகொண்டு, இடையில் ஒலி வயர் ஒரு வளையத்தை மூடும்போது இது வரும். சப்வூஃபரில்தான் முதலில் காதில் விழும்.

செட்டாப் பாக்ஸில் திருகியிருக்கும் கேபிள் டிவி அல்லது டிஷ் வயரைக் கழற்றிப் பாருங்கள். உறுமல் நின்றால் குற்றவாளி அதுதான். மாடிக்கும் தெருவுக்கும் போய்வரும் அந்த வயர் வேறோர் எர்த்தைக் கூடவே கொண்டுவருகிறது. கேபிள் டிவி என்றால் அந்த வயரில், சிக்னலை விட்டு எர்த் தொடர்பை அறுக்கும் ஐசொலேட்டர் ஒன்றைப் போட்டால் தீரும். டிஷ் வயரில் அதைப் போடக் கூடாது. டிஷ்ஷின் முனையில் சிக்னலை வாங்கும் கருவியான எல்என்பிக்கு மின்சாரம் அதே வயரில்தான் போகிறது; ஐசொலேட்டர் அதை அறுத்துவிடும், சேனல் எதுவும் வராது. டிஷ் வீடுகளில் ஒலியை ஆப்டிகல் வழியாக எடுப்பது நல்ல தீர்வு. அதில் ஓடுவது வெளிச்சம் என்பதால் அந்த வழியில் வளையம் மூடாது.

வயரைக் கழற்றியும் நிற்கவில்லை என்றால் டிவி, ரிசீவர், சப்வூஃபர் எல்லாவற்றையும் ஒரே மூன்று பின் எக்ஸ்டென்ஷன் போர்டில் செருகுங்கள். பிளக்கின் பெரிய எர்த் பின்னை உடைத்தால் உறுமல் நிற்கும் என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். நிற்கலாம், ஆனால் பெட்டிக்குள் ஏதாவது கசிந்தால் அந்த மின்சாரம் போக வழியில்லாமல் தொடுபவர் உடம்பில் பாயும். எக்காரணம் கொண்டும் அதைச் செய்யாதீர்கள். ஒரே போர்டில் வைத்தும் உறுமினால் வீட்டு எர்த்திங்கை எலக்ட்ரீஷியனை வைத்துச் சோதித்துவிட்டு, பிறகு சப்வூஃபர் வயரை மாற்றிப் பாருங்கள்.